1,100 குதிரைத்திறன் காரை வழிக்குக் கொண்டுவந்த இன்ஜினியர்... யார் இந்த மார்க் டோனஹ்யூ?

1975, ஆகஸ்ட் 9. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டல்லடேகா ரேஸ் டிராக். அன்று அங்கே ரேஸ் எதுவும் இல்லை. கடிகாரத்தை எதிர்த்து ஒரே ஒரு கார் ஓடியது. நீலமும் மஞ்சளுமாக இருந்த அந்த போர்ஷே காரின் பெயர் 917/30. ஒரு முழுச் சுற்றில் அதன் சராசரி வேகம் மணிக்கு 355 கிலோமீட்டருக்கும் மேல். மூடிய வட்டப் பாதையில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

அந்த காரை ஓட்டியவர் மார்க் டோனஹ்யூ. சாதனை படைத்த பத்தாவது நாளில் ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 38 தான்.

கார் ரேஸ் ரசிகர்கள் அவரை இன்னும் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்த மரணம் மட்டும் காரணமில்லை. பழைய காரில் டர்போ மாட்டி பவரை ஏற்றினால் என்னென்ன சிக்கல் வரும், அதை எப்படித் தீர்ப்பது என்பதற்கு இன்றைக்கும் அவர் கதையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அப்படி என்ன செய்தார்? வாங்க, பார்க்கலாம்.

படிப்பு இன்ஜினியரிங்... பழக்கம் ரேஸ்!

1937 மார்ச் 18-ம் தேதி நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர் டோனஹ்யூ. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து 1959-ல் பட்டம் வாங்கினார். படிக்கும் காலத்திலேயே அவரிடம் 1957-ம் ஆண்டு மாடல் கார்வெட் கார் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு மலையேற்றப் போட்டியில் ஓட்டினார். முதல் போட்டியிலேயே ஜெயித்தும் விட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும்? 1961-ல் எல்வா கூரியர் என்ற சிறிய காரில் அமெரிக்க அமெச்சூர் ரேஸ் தேசிய சாம்பியன் பட்டத்தை வாங்கினார்.

அந்தக் காலகட்டத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் வால்ட் ஹான்ஸ்கன் என்ற அனுபவசாலி டிரைவர். 1965-ல் செப்ரிங் 12 மணி நேர ரேஸில் தன்னோடு ஃபெராரி காரை ஓட்ட டோனஹ்யூவை அழைத்துப் போனார். ஆனால் 1966 ஏப்ரலில் பிரான்ஸின் லே மான் டிராக்கில் நடந்த சோதனை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி ஹான்ஸ்கன் இறந்துபோனார். அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்திருந்த ரோஜர் பென்ஸ்கே என்ற இளம் டீம் உரிமையாளர், தன் காரை ஓட்ட வருமாறு டோனஹ்யூவிடம் பேசினார். துக்க வீட்டில் தொடங்கிய அந்தக் கூட்டணிதான் அடுத்த ஒன்பது ஆண்டுகள் அமெரிக்க ரேஸிங்கை ஆட்டிப்படைத்தது.

பென்ஸ்கேவுக்குக் கிடைத்தது டிரைவர் மட்டுமில்லை. காரின் ஸ்பிரிங், டயர் அழுத்தம், பிரேக், எடை என எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஒரு இன்ஜினியரும் சேர்ந்தே கிடைத்தார். அந்த நாளில் பெரும்பாலான டிரைவர்கள் காரில் ஏறி ஓட்டுவார்கள், இறங்கி நல்லா இருக்கு, இல்லை என்று சொல்வார்கள். அவ்வளவுதான். டோனஹ்யூ அப்படி இல்லை. பெரிய வட்டம் போட்டு அதிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டி, டயரின் பிடிமானத்தை எண்ணாக அளந்து எழுதி வைப்பார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மறுபடி அளப்பு. பார்ப்பவர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும்.

விதிப் புத்தகத்தில் எழுதாத இடங்களையும் இவர்கள் விடவில்லை. டிரான்ஸ்-ஆம் என்ற தொடரில் ஓடிய இவர்களுடைய கமாரோ காரின் தகடுகளை ஆசிட்டில் முக்கி மெல்லியதாக்கி எடையைக் குறைத்தார்கள். கூரைத் தகடு சுருங்கிப்போனது வெளியே தெரியாமல் இருக்க அதன் மேல் வினைல் உறை ஒட்டினார்கள் என்பது ரேஸ் வட்டாரத்தில் பிரபலமான கதை. பெட்ரோல் வேகமாக இறங்குவதற்காகத் தொட்டியை உயரமான கோபுரத்தில் ஏற்றி வைத்தார்கள். விதி உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே! 1968-ல் அந்தத் தொடரின் 13 ரேஸ்களில் 10-ஐ டோனஹ்யூ ஜெயித்தார். அடுத்த ஆண்டும் பட்டம் அவருக்குத்தான்.

1969-ல் டேடோனா 24 மணி நேர ரேஸ், 1972-ல் புகழ்பெற்ற இண்டியனாபோலிஸ் 500 என வெற்றிகள் அடுக்கடுக்காக வந்தன. பின்னாளில் இண்டியில் வெற்றி மேல் வெற்றி குவித்த பென்ஸ்கே டீமுக்கு முதல் இண்டி 500 வெற்றியைத் தேடித் தந்தவர் இவர்தான்.

ஒதுக்கப்பட்ட காருக்கு வந்த இரண்டாவது வாழ்க்கை

இனி காரின் கதைக்கு வருவோம். போர்ஷே 917 அறிமுகமானது 1969-ல். ஏர்-கூல்டு, 12 சிலிண்டர் இன்ஜின். தொடக்கத்தில் 4.5 லிட்டர், சுமார் 580 குதிரைத்திறன். வேகம் இருந்தது, ஆனால் நேராகப் போகாது. நெடுஞ்சாலை போன்ற நீண்ட பாதைகளில் பின்பக்கம் மிதக்க, டிரைவர்கள் பயந்தார்கள். அந்த ஆண்டு ஆஸ்திரியாவில் நடந்த சோதனையில் ஒரு வேடிக்கை. காரின் முன்பக்கமெல்லாம் செத்த பூச்சிகள் ஒட்டியிருக்க, பின்பகுதியில் ஒரு பூச்சிகூட இல்லை. காற்று அங்கே படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பின்பகுதியின் வடிவத்தை உயர்த்தி மாற்றியதும் கார் அடங்கியது. 1970, 1971 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லே மான் 24 மணி நேர ரேஸை 917 ஜெயித்தது.

உடனே வந்தது ஆப்பு. 1972 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் இன்ஜின் 3 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி மாறியது. 917 ஒரே இரவில் பழைய காராகிவிட்டது.

ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் கேன்-ஆம் என்றொரு தொடர் நடந்துகொண்டிருந்தது. அங்கே இன்ஜின் அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. எவ்வளவு பெரிய இன்ஜின் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 1967 முதல் 1971 வரை ஐந்து ஆண்டுகள் அங்கே மெக்லாரன் கார்கள்தான் ராஜா. அவற்றில் இருந்தவை சுமார் 8 லிட்டர் அளவுள்ள செவர்லே இன்ஜின்கள். அவற்றை 5 லிட்டர் இன்ஜின் எப்படி முந்தும்?

16 சிலிண்டர் இன்ஜின் ஒன்றைக்கூட போர்ஷே செய்து பார்த்தது. கடைசியில் டர்போதான் வழி என்று முடிவானது. காரை ரேஸில் இறக்கும் பொறுப்பு பென்ஸ்கேவுக்கு. பக்குவப்படுத்தி ஓட்டும் பொறுப்பு டோனஹ்யூவுக்கு.

டர்போ என்றால் என்ன? இரண்டு நிமிடத்தில் புரியும்!

கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தி ஊதினால் அதே கரி அதிகமாகக் கனலும். இன்ஜினிலும் அதே கதைதான். உள்ளே அதிகக் காற்று போனால், அதற்கேற்ற பெட்ரோலையும் எரிக்கலாம். பவர் கூடும்.

துருத்தியை மிதிக்க ஆள் வேண்டுமே? அங்கேதான் தந்திரம். இன்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் புக்கி என்ற இன்ஜினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைக்கு நம்ம ஊர் சாலையில் ஓடும் டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

சிக்கல் என்னன்னா, புகை வேகமாக வந்தால்தான் சக்கரம் சுழலும். வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகை குறையும், சக்கரம் தளரும். மறுபடி மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு நொடி, ஒன்றரை நொடி கழித்துப் பவர் மொத்தமும் ஒரே அடியாக வந்து விழும். இதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள்.

இண்டியனாபோலிஸ் மாதிரியான வட்டப் பாதையில் இது பெரிய பிரச்னை இல்லை. காலை அதிகம் எடுக்கத் தேவையில்லாத பாதை அது. டோனஹ்யூ இண்டியில் ஜெயித்த கார்கூட டர்போ இன்ஜின் கார்தான். ஆனால் இடது, வலது என வளைந்து நெளியும் கேன்-ஆம் டிராக்குகளில்? வளைவின் நடுவில், கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருக்கும்போது 900 குதிரைத்திறன் திடீரென்று முதுகில் உதைத்தால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்.

சுவிட்ச் போட்ட மாதிரி ஒரு இன்ஜின்

முதல் டர்போ 917 அப்படித்தான் இருந்தது. ஒன்று அணைந்திருக்கும், இல்லை முழு வேகத்தில் எரியும். நடுவில் எதுவும் கிடையாது. டெஸ்டிங்கில் பழைய டர்போ இல்லாத கார் அளவுக்குக்கூட நேரம் எடுக்க முடியாமல் தடுமாறியது.

டோனஹ்யூ ஜெர்மனிக்குப் போனார். போர்ஷேயின் வைஸாக் சோதனை மையத்தில் இன்ஜின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர், டர்போ வேலையைக் கவனித்த வாலன்டின் ஷாஃபர், காரின் மற்ற பகுதிகளைக் கவனித்த ஹெல்முட் ஃப்ளெகல் ஆகியோருடன் உட்கார்ந்தார். இன்ஜினைச் சோதிக்கும் மேடையில் எடுத்த கணக்குகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. உச்ச வேகத்தில், முழு ஆக்சிலரேட்டரில் எவ்வளவு பவர் வருகிறது என்பதிலேயே எல்லோருடைய கவனமும் இருந்தது. குறைந்த சுழற்சியில், பாதி மிதியில் இன்ஜின் என்ன செய்கிறது என்பதை யாரும் அந்த அளவுக்குத் தோண்டவில்லை.

ஆனால் ஒரு டிரைவர் வளைவிலிருந்து வெளியே வருவது அந்தப் பாதி மிதியில்தானே!

அப்புறம் தொடங்கியது பொறுமையான வேலை. எந்தச் சுழற்சியில், எவ்வளவு காற்று அழுத்தத்தில், எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று படிப்படியாக அளந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பெட்ரோலின் அளவைத் தீர்மானித்தது ஒரு சிறிய உலோகத் துண்டின் வளைவு வடிவம். அதை இழைத்து, மாட்டி, ஓட்டி, கழற்றி, மறுபடி இழைத்தார்கள். டர்போ அழுத்தம் வராத நேரத்தில் இன்ஜின் நேரடியாகக் காற்றை இழுத்துக்கொள்ளத் தனி மூடிகள் வைத்தார்கள். அழுத்தப்பட்ட காற்றை மறுபடி அதிகமாக அமுக்கினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். அதனால் இன்ஜினின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் பெரிய டர்போ மாட்டும் ஆர்வலர்கள் இன்றைக்கும் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான். மேடையில் எத்தனை குதிரைத்திறன் காட்டுகிறது என்பதைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். சிக்னலிலிருந்து கிளம்பும்போது கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்வதில்லை.

கழன்று போன பின்பாகம்

917/10 என்ற அந்தக் கார் 1972 ஜூனில் கனடாவின் மோஸ்போர்ட் டிராக்கில் களமிறங்கியது. தகுதிச் சுற்றில் முதலிடம். ரேஸிலும் முன்னணியில் போனார். நடுவில் டர்போவுக்குக் காற்று போகும் வழியில் கோளாறு வந்து பிட்டில் நேரம் போக, இரண்டாவது இடம்தான் கிடைத்தது. ஆனால் மெக்லாரன் ஆட்களுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த சில வாரங்களில், ரோடு அட்லாண்டா டிராக்கில் டெஸ்டிங். முழு வேகத்தில் போகும்போது காரின் பின்பக்க உடல் பகுதி கழன்று பறந்தது. காற்றின் அழுத்தம் போனதும் கார் தூக்கியடிக்கப்பட்டு உருண்டது. முன்பாகமே பிய்ந்துபோய் அவருடைய கால்கள் வெளியே தொங்கும் நிலையில் கார் நின்றது. முழங்காலில் பலத்த காயம், அறுவை சிகிச்சை.

அவருக்குப் பதிலாக ஜார்ஜ் ஃபோல்மர் அழைக்கப்பட்டார். மாதக்கணக்கில் டோனஹ்யூ செதுக்கிய காரில் ஏறிய ஃபோல்மர் முதல் ரேஸிலேயே ஜெயித்தார். அந்த ஆண்டின் சாம்பியனும் அவர்தான். டோனஹ்யூ கட்டுப்போட்ட காலோடு ஓரத்தில் நின்று, தன் காரை எப்படி ஓட்டுவது என்று இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு வலித்தது என்பதைப் பிறகு தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். சீசன் முடிவதற்குள் திரும்பி வந்து, எட்மன்டன் ரேஸை ஜெயித்தது மட்டும் ஆறுதல். ஐந்து ஆண்டுகள் ஆண்ட மெக்லாரன், அந்த ஆண்டோடு கேன்-ஆமை விட்டே விலகியது.

917/30: அளவே இல்லாத பவர்

1973-க்காக அடுத்த கார் தயாரானது. முந்தைய காரின் நிலைத்தன்மை போதாது என்று டோனஹ்யூ சொன்னதால் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 2,500 மில்லிமீட்டராக நீட்டினார்கள். இன்ஜின் 5.4 லிட்டர் ஆனது. சோதனை மேடையில் டர்போ அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றியபோது 1,500 குதிரைத்திறனைத் தாண்டியது. ரேஸில் பயன்படுத்தியது சுமார் 1,100.

1,100 குதிரைத்திறன் எவ்வளவு என்று பிடிபடவில்லையா? நம்ம ஊர் சின்ன ஹேட்ச்பேக் காரில் 80, 90 குதிரைத்திறன் இருக்கும். 917/30-ன் எடையும் கிட்டத்தட்ட அந்த ஹேட்ச்பேக் அளவுதான். ஆக, ஒரு சின்ன காரின் எடையில் பன்னிரண்டு கார்களின் பவர்! கியர் வெறும் நான்கு. பெட்ரோல் டேங்க் 400 லிட்டர். டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் டர்போ அழுத்தம் ஏறும். ரேஸ் தொடக்கத்தில் ஏற்றி எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பிறகு குறைத்து இன்ஜினையும் பெட்ரோலையும் காப்பாற்றலாம்.

அந்த ஆண்டு எட்டு ரேஸ். முதல் இரண்டு கைநழுவின. மீதி ஆறையும் டோனஹ்யூவே வரிசையாக ஜெயித்து பட்டம் வாங்கினார். உண்மையைச் சொன்னால், பார்ப்பவர்களுக்கு அந்த சீசனில் பெரிய விறுவிறுப்பு இருந்திருக்காது. ஜெயிப்பது யார் என்று கொடி அசைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நிற்கும்போது 400 லிட்டர் குடிக்கும் காரை எப்படி நியாயப்படுத்துவது? 1974-ல் கேன்-ஆம் எரிபொருளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோமீட்டராவது ஓட வேண்டும் என்ற கணக்கு. நமக்குச் சிரிப்பு வரலாம். 917/30-க்கு அதுவே எட்டாத மைலேஜ். இரண்டாவது முறையாக 917 ஓரங்கட்டப்பட்டது.

ஓய்வு... மறுபடி டிராக்!

1973 முடிவில் டோனஹ்யூ ஓய்வை அறிவித்தார். 1974 பிப்ரவரியில், ஒரே மாதிரி போர்ஷே கார்களில் நட்சத்திர டிரைவர்கள் மோதிய ஐ.ஆர்.ஓ.சி. தொடரின் முதல் பட்டத்தையும் வாங்கிவிட்டு, பென்ஸ்கே டீமின் நிர்வாகப் பணியில் உட்கார்ந்தார். உட்கார்ந்திருக்க முடியவில்லை. பென்ஸ்கே ஃபார்முலா 1-ல் இறங்கியபோது, அதே ஆண்டின் கடைசியில் கனடா ரேஸில் மறுபடி ஹெல்மெட் மாட்டினார்.

1975 சீசன் அவருக்குச் சரியாக அமையவில்லை. டீம் சொந்தமாகச் செய்த கார் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஸ்வீடனில் ஐந்தாம் இடம்தான் அதில் நல்ல முடிவு. பிறகு மார்ச் நிறுவனத்தின் காரை வாங்கி ஓட்டி, பிரிட்டனிலும் ஐந்தாவதாக வந்தார்.

இந்த ஏமாற்றங்களுக்கு நடுவில்தான் டல்லடேகா சாதனை. ஓரங்கட்டப்பட்டிருந்த 917/30-ஐ மறுபடி வெளியே எடுத்தார்கள். இதிலும் ஒரு டெக்னிக்கல் சிக்கல் இருந்தது. ரேஸில் சில நொடிகள் மட்டும் முழு மிதி இருக்கும். இங்கேயோ சுற்று முழுவதும் மிதித்தபடியே போக வேண்டும். சைக்கிள் பம்பை அடிக்க அடிக்க அது சுடும் இல்லையா? அதே மாதிரி டர்போ அழுத்தும் காற்றும் சூடாகும். சூடான காற்று இன்ஜினுக்கு எமன். அதனால் அழுத்திய காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இன்டர்கூலர் பொருத்தினார்கள். சராசரி 221.120 மைல், அதாவது மணிக்கு 355.86 கிலோமீட்டர். இந்தச் சாதனை பத்து ஆண்டுகளுக்கும் மேல் நின்றது.

ஆஸ்திரியாவில் அந்த ஞாயிறு

ஆகஸ்ட் 17. ஆஸ்திரிய கிராண்ட் பிரீ நடக்கும் நாள். ஆஸ்டரைஷ்ரிங் டிராக், 1969-ல் 917 தன் முதல் பெரிய வெற்றியைப் பெற்ற அதே இடம். காலைப் பயிற்சியில் வேகமான முதல் வளைவில் டோனஹ்யூவின் காரில் ஒரு டயர் செயலிழந்தது. கார் கட்டுப்பாட்டை இழந்து தடுப்பு வேலிகளைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. டிராக் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

டோனஹ்யூ நினைவோடுதான் இருந்தார். பேசினார். பெரிய காயம் எதுவும் வெளியே தெரியவில்லை. தலைவலி மட்டும். அது கூடிக்கொண்டே போக, கிராட்ஸ் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தக் கசிவு. அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆகஸ்ட் 19-ல் இறந்தார்.

அன்று ரேஸ் நடந்தது. கொட்டும் மழையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஜெயித்தவர் இத்தாலியின் விட்டோரியோ பிராம்பில்லா. அவர் ஓட்டியதும் ஒரு மார்ச் கார்தான். விபத்து நடந்த முதல் வளைவின் வடிவத்தைப் பின்னர் மாற்றினார்கள். டயர் கோளாறு தொடர்பாகக் குடும்பம் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீண்டு, 1984-ல் ஜூரி குடும்பத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது.

அவர் இறந்த அதே 1975-ல் வெளிவந்த சுயசரிதையின் பெயர் 'தி அன்ஃபேர் அட்வான்டேஜ்'. தான் ஓட்டிய கார்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது ஏன் ஓடியது, எது ஏன் ஓடவில்லை என்று எழுதிய புத்தகம். தன் தவறுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். ரேஸ் கார் இன்ஜினியர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

தந்தை இறந்தபோது மகன் டேவிட்டுக்கு வயது எட்டு. வளர்ந்து அவரும் ரேஸ் டிரைவர் ஆனார். 2009-ல் டேடோனா 24 மணி நேர ரேஸ். ஒரு நாள் முழுக்க ஓடிய பிறகு முதல் இரண்டு கார்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.167 நொடி. கடைசிச் சுற்றுகளில் போர்ஷே இன்ஜின் காரை ஓட்டி, அந்த இடைவெளியில் ஜெயித்துக் கொடுத்தவர் டேவிட் டோனஹ்யூ. அப்பா அதே ரேஸை ஜெயித்து அப்போது சரியாக 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.